தானாக வந்து விழும் விளம்பரங்களை நிறுத்துவது எப்படி: லேப்டாப்புக்கும் போனுக்கும் ஒரு வழிகாட்டி

லேப்டாப்பைத் திறந்தாலே வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று ஒரு பெட்டி. மூடினால் அடுத்தது. எங்கள் வீட்டு லேப்டாப்பில் இது தொடங்கியபோது பழுது பார்க்கும் கடையில் கொடுத்தோம். "வைரஸ் ஏறிடுச்சு, ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றார்கள். காசு வாங்கிக்கொண்டு ஃபார்மேட் செய்து தந்தார்கள். வீட்டுக்கு வந்து குரோமில் கூகுள் கணக்கைப் போட்டதும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் (குரோமோடு சேர்த்துப் போடும் குட்டி மென்பொருள்கள்) எல்லாம் தாமாகவே இறங்கின. விளம்பரமும் திரும்ப வந்தது.

பிறகு ஒவ்வொரு இடமாகத் தேடி நாங்களே சரி செய்தோம். அதற்கு ஒரு ரூபாய்கூடத் தேவைப்படவில்லை. இந்த விளம்பரங்களில் பெரும்பாலானவை வைரஸே அல்ல. எங்கோ ஒரு பொத்தானை அழுத்தியபோது கொடுக்கப்பட்ட அனுமதிதான் காரணம். அந்த அனுமதி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது. ஆகவே ஃபார்மேட் என்ற பேச்சை எடுக்கும் முன் கீழே உள்ள வரிசைப்படி பாருங்கள். வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் நீங்களாக எதையும் நீக்காதீர்கள். ஐடி ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள்.

1. முதலில் விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு குறிப்பிட்ட தளத்தைத் திறக்கும்போது மட்டும் புதுப்புது டேப் திறக்கிறதா? அது அந்தத் தளத்தின் வேலை. திருட்டுப் படத் தளங்கள், பாட்டு இறக்கும் தளங்கள் எல்லாம் இப்படித்தான். உங்கள் கருவியில் கோளாறு எதுவும் இல்லை. அந்தத் தளத்துக்குப் போவதை நிறுத்தினால் போதும்.

எந்தத் தளமும் திறந்திருக்காதபோதும் மூலையில் பெட்டி வருகிறதா? நோட்டிஃபிகேஷன் அனுமதி. மூன்றாம் பகுதியைப் பாருங்கள்.

நல்ல செய்தித் தளங்களில்கூட விளம்பரம் குவிகிறதா, கூகுளில் தேடினால் வேறு ஏதோ தேடல் பக்கத்துக்குப் போகிறதா? எக்ஸ்டென்ஷன் அல்லது கணினியில் ஏறிய ஒரு மென்பொருள். இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து அதே தளத்தைப் பாருங்கள். நாமாக அனுமதிக்காதவரை எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. அங்கே விளம்பரம் இல்லையென்றால் சிக்கல் எக்ஸ்டென்ஷனில்தான்.

போனில் பூட்டைத் திறந்ததும், அல்லது பேசி முடித்ததும், திரை முழுக்க விளம்பரம் வந்தால் ஏதோ ஒரு ஆப். ஆறாம் பகுதிக்குப் போங்கள். சாம்பல் நிறத்தில் சின்னப் பெட்டி, அதில் இரண்டு வரி, கீழே "ஓகே", "கேன்சல்". டேட்டாவும் வைஃபையும் அணைத்திருந்தாலும் வருகிறது என்றால் அது சிம் நிறுவனத்தின் சேவை. அது ஏழாம் பகுதியில் இருக்கிறது.

2. சைரன் அடிக்கும் திரை வந்தால்

திரை முழுக்கச் சிவப்பு, மைக்ரோசாஃப்ட் லோகோ, ஒரு போன் நம்பர், "கணினியை அணைக்காதீர்கள்" என்ற குரல். அந்த நம்பரைக் கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். பிறகு அந்த டேபை மூடலாம். மூட முடியவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் குரோமைத் தேர்ந்தெடுத்து "எண்ட் டாஸ்க்" கொடுங்கள். மறுபடி குரோமைத் திறக்கும்போது பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரவா என்று கேட்கும். வேண்டாம் என்று விடுங்கள். போனில் என்றால், ஆப் இன்ஃபோவுக்குப் போய் குரோமை "ஃபோர்ஸ் ஸ்டாப்" செய்துவிட்டு, திறந்தவுடன் அந்த டேபை மூடுங்கள்.

3. நோட்டிஃபிகேஷன் அனுமதியைப் பறியுங்கள் (5 நிமிடம்)

பெரும்பாலானோருக்கு இந்த ஒரு படியிலேயே வேலை முடிந்துவிடும்.

"நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ-வை அழுத்தவும்", "வீடியோ பார்க்க அலோ கொடுக்கவும்" என்று சில தளங்கள் கேட்கும். ரோபோ சோதனைக்கும் அந்தப் பொத்தானுக்கும் சம்பந்தமே இல்லை. அழுத்தியதும் அந்தத் தளம் எந்நேரமும் உங்கள் திரைக்குச் செய்தி அனுப்பும் உரிமையைப் பெற்றுவிடுகிறது. ஆன்ட்டிவைரஸ் காலாவதி, பரிசு விழுந்திருக்கிறது, ஆபாசப் படம் என்று அது எதை வேண்டுமானாலும் அனுப்பும்.

லேப்டாப் குரோமில்: வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளி, "செட்டிங்ஸ்", "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", "சைட் செட்டிங்ஸ்", "நோட்டிஃபிகேஷன்ஸ்". அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். உங்களுக்குத் தெரியாத பெயர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி "பிளாக்" கொடுங்கள். "ரிமூவ்" கொடுத்தால் பட்டியலிலிருந்து மட்டும் போகும், அடுத்த முறை அந்தத் தளம் மறுபடி கேட்கலாம். "பிளாக்" கொடுத்தால் கேட்கவே முடியாது.

அப்புறம் அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் கேட்கக்கூடாது என்ற தேர்வு இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் எல்லாக் கருவிகளிலும் போட்டுவிட்டோம். இதனால் இழந்தது எதுவும் இல்லை.

ஆண்ட்ராய்டு குரோமிலும் மூன்று புள்ளி, "செட்டிங்ஸ்", "சைட் செட்டிங்ஸ்", "நோட்டிஃபிகேஷன்ஸ்" என்பதே வழி. போன் தமிழில் இருந்தால் அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்ற பெயர்களைத் தேடுங்கள். எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் பக்கத்தின் தேடல் பெட்டியில் நோட்டிஃபிகேஷன் என்று அடித்தால் அந்த இடம் வந்துவிடும்.

ஒரு பொறி: சில பெட்டிகளுக்குள் பெருக்கல் குறியும் "குளோஸ்" பொத்தானும் படமாகவே வரையப்பட்டிருக்கும். மூடுவதாக நினைத்து அழுத்தினால் அந்தத் தளம்தான் திறக்கும். பெட்டியைத் தொடாமல் நேராக மேலே சொன்ன இடத்துக்குப் போங்கள். பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் தளத்தின் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பட்டியலில் தேட உதவும்.

4. எக்ஸ்டென்ஷன்களைச் சோதியுங்கள் (லேப்டாப் மட்டும்)

தொடங்கும் முன், ஒரே கூகுள் கணக்கு எத்தனை கணினிகளில் இருக்கிறதோ அத்தனையிலும் குரோமின் சிங்க் வசதியை நிறுத்துங்கள். எங்களுக்கு ஃபார்மேட் வீணானது இதனால்தான். ஒரு கணினியில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் சிங்க் வழியாக அடுத்த கணினிக்கும் வந்துவிடும். எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

குரோமின் மேற்பட்டையில் புதிர்த்துண்டு போல ஒரு ஐகான் இருக்கும். அதை அழுத்தி "மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்" போங்கள். எல்லாவற்றையும் அணையுங்கள். விளம்பரம் நின்றுவிட்டதா? இப்போது ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விளம்பரம் வருகிறதோ அதை "ரிமூவ்" செய்யுங்கள்.

"இதை ரொம்ப நாளாக வைத்திருக்கிறேன், நல்லதுதான்" என்று எதையும் விட்டுவைக்காதீர்கள். நல்ல எக்ஸ்டென்ஷன்கள் கைமாறிக் கெட்டுப்போவது உண்டு. பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர் என்பதைப் பலர் வருடக்கணக்கில் பயன்படுத்தினார்கள். அது வேறு ஆள் கைக்குப் போனது. 2021 பிப்ரவரியில் அதில் தீங்கு இருப்பதாகச் சொல்லி கூகுள் நீக்கியது.

"ரிமூவ்" பொத்தானே இல்லை, "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று காட்டுகிறது என்றால் கவனியுங்கள். வீட்டு லேப்டாப்புக்கு ஏது நிறுவனம்? சில ஆன்ட்டிவைரஸ்களும் இப்படிக் காட்டவைக்கும் என்பதால் உடனே பயப்பட வேண்டாம். ஆனால் எக்ஸ்டென்ஷனை நீக்கவும் முடியவில்லையென்றால், கணினியில் ஏறிய ஒரு மென்பொருள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அடுத்த படியில் அதை எடுக்கலாம்.

குரோம் செட்டிங்ஸில் "சர்ச் இன்ஜின்", "ஆன் ஸ்டார்ட்அப்" இரண்டையும் பாருங்கள். தெரியாத தளம் இருந்தால் மாற்றுங்கள்.

5. விண்டோஸில் ஏறியதை இறக்குங்கள் (அரை நாள் ஒதுக்குங்கள்)

விண்டோஸ் செட்டிங்ஸில் "ஆப்ஸ்", "இன்ஸ்டால்டு ஆப்ஸ்" போய், நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். விளம்பரம் தொடங்கிய நாளையொட்டி என்னென்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பிடிஎஃப் கன்வர்ட்டர், வீடியோ டவுன்லோடர், "டிரைவர் அப்டேட்டர்", "பிசி ஸ்பீட் அப்" வகையறாக்கள்தான் வழக்கமான குற்றவாளிகள். விண்ணப்பப் படிவத்துக்காகப் போட்டோவின் கேபி அளவைக் குறைக்க இறக்கிய மென்பொருளும், தமிழ் எழுத்துரு தேடிப் போய் ஏதோ தளத்தில் இறக்கியதும் இந்தப் பட்டியலில் அடிக்கடி இருக்கும். அவற்றை நீக்குங்கள். இன்டெல், ரியல்டெக், மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று இருப்பவற்றைத் தொடாதீர்கள். அவை கணினிக்குத் தேவை.

அடுத்து அட்வ்கிளீனர். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் இலவசக் கருவி, நிறுவத் தேவையில்லை, இறக்கி அப்படியே ஓட்டலாம். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. கூகுளில் தேடினால் மேலே வரும் முடிவுகள் விளம்பரங்களாக இருக்கலாம். அதே பெயரில் போலித் தளமும் இருக்கலாம். முகவரி மால்வேர்பைட்ஸ் டாட் காம் என்று இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு இறக்குங்கள். ஸ்கேன் சில நிமிடம்தான். கண்டுபிடித்ததை "குவாரன்டைன்" செய்து (தனியே பூட்டிவைத்து) கணினியை மறுபடி தொடங்கச் சொல்லும். திறந்திருக்கும் கோப்புகளை முன்பே சேமித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் இலவசம், சுத்தம் செய்யக் காசு என்று கேட்கும் கருவி எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து "வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்", "ஸ்கேன் ஆப்ஷன்ஸ்" போங்கள். "ஃபுல் ஸ்கேன்" மணிக்கணக்கில் ஓடும். சார்ஜரைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் "ஆஃப்லைன் ஸ்கேன்" கொடுங்கள். கணினி அணைந்து தொடங்கி, சுமார் 15 நிமிடத்தில் முடியும். அப்படியே "ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்" பகுதியில் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் தேர்வு ஓடுகிறதா என்று பாருங்கள். வெளியே காசு கொடுத்து ஆன்ட்டிவைரஸ் வாங்கினால்தான் இது தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியாக குரோமின் "ரீசெட் செட்டிங்ஸ்". இதைச் செய்யப் பலர் பயப்படுகிறார்கள். புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு, ஹிஸ்டரி எதுவும் போகாது. எக்ஸ்டென்ஷன்கள் அணைந்துவிடும், குக்கீ அழியும், தளங்களில் மறுபடி லாக்இன் செய்ய வேண்டியிருக்கும். அவ்வளவுதான். "குரோமிலேயே கிளீன்அப் கருவி இருக்கிறது, அதை ஓட்டுங்கள்" என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். கூகுள் அதை 2023 மார்ச்சில் எடுத்துவிட்டது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இன்னும் குரோமைத் திறந்தவுடன் ஒரே தளம் வந்து நிற்கிறதா? டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து "பிராப்பர்ட்டீஸ்" பாருங்கள். "டார்கெட்" பெட்டியில் கடைசியில் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அந்த ஐகானை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

6. போனில் எந்த ஆப் என்று பிடியுங்கள்

விளம்பரம் திரையில் இருக்கும்போதே ரீசன்ட் பொத்தானை, அல்லது அதற்கான ஸ்வைப்பை, கொடுங்கள். விளம்பரம் எந்த ஆப்பின் பெயரில் ஓடுகிறது என்று அந்த அட்டையின் மேலே தெரியும். பல நேரம் இதுவே போதும். சில ஆப்கள் பெயரே இல்லாமல், வெற்று ஐகானோடு, அல்லது "செட்டிங்ஸ்" என்ற பெயரில் ஒளிந்திருக்கும். டார்ச், கியூஆர் ஸ்கேனர், கிளீனர், பேட்டரி சேவர், ஸ்டேட்டஸ் சேவர் வகைகளை முதலில் சந்தேகப்படுங்கள். டார்ச்சும் கியூஆர் ஸ்கேனரும் பெரும்பாலான போன்களிலேயே இருக்கின்றன. தனியாக ஆப் எதற்கு?

எதுவும் புரியவில்லையென்றால் சேஃப் மோட். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து, வரும் "பவர் ஆஃப்" மேல் மறுபடி அழுத்திப் பிடித்தால் பல போன்களில் சேஃப் மோட் கேட்கும். அதில் நீங்கள் நிறுவிய ஆப் எதுவும் ஓடாது. விளம்பரம் நின்றால், நிறுவிய ஆப்தான் காரணம் என்பது உறுதி. சமீபத்தில் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, போனை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

"அன்இன்ஸ்டால்" பொத்தான் மங்கியிருந்தால் அந்த ஆப் டிவைஸ் அட்மின் (போனை நிர்வகிக்கும்) உரிமை வாங்கியிருக்கிறது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் "டிவைஸ் அட்மின்" என்று தேடி அந்த உரிமையை எடுத்துவிட்டு நீக்குங்கள். அதேபோல "டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்" என்று தேடி, அங்கே தேவையில்லாமல் உரிமை வைத்திருப்பவற்றை அணையுங்கள். மற்ற ஆப்களின் மேல் விளம்பரம் வந்து விழுவது பெரும்பாலும் இந்த உரிமையால்தான். "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்" பகுதியில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு "பிளே புரொடெக்ட்" ஸ்கேனும் ஓட்டுங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோர் வழியாக வராத ஆப் கோப்பு) யாராவது நிறுவியிருந்தால், அது விளம்பரத் தொல்லையோடு நிற்காது. எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபி எடுக்கும் ஆப்கள் இப்படித்தான் வருகின்றன. உடனே ஏரோப்ளேன் மோட் போடுங்கள், வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு ஃபேக்டரி ரீசெட்டுக்குப் போங்கள்.

ரீசெட் செய்யும் முன் கையில் இருக்க வேண்டியவை: கூகுள் கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் (பல போன்கள் ரீசெட்டுக்குப் பிறகு பழைய கணக்கைக் கேட்கும், தெரியாவிட்டால் போன் திறக்காது), வாட்ஸ்அப் பேக்அப், போட்டோக்களின் நகல், வங்கியில் பதிந்த சிம், டெபிட் கார்டு. யுபிஐ பின் மறுபடி போட கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதி மாதமும் கேட்பார்கள். கார்டு ஊரில் இருக்கிறது, போன் இங்கே இருக்கிறது என்ற நிலையில் ரீசெட் செய்யாதீர்கள்.

7. போனோடும் சிம்மோடும் வருபவை

இவை சட்டப்படி வரும் விளம்பரங்கள், ஆட்வேர் (விளம்பரம் காட்டவே திருட்டுத்தனமாக ஏறும் மென்பொருள்) அல்ல. ஆனாலும் அணைக்கலாம். லாக் ஸ்கிரீனில் தினம் ஒரு படமும் செய்தியும் மாறினால் அது பெரும்பாலும் கிளான்ஸ் என்ற சேவை. லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸில் அணைக்கலாம். ரெட்மி, போக்கோ போன்களில் செட்டிங்ஸில் "ஆதரைசேஷன் அண்ட் ரிவோகேஷன்" என்று தேடி, அதில் "எம்எஸ்ஏ" என்பதை (போனோடு வரும் விளம்பர ஆப்) அணையுங்கள். சில விநாடி காத்திருக்கச் சொல்லும், முதல் முறை முடியவில்லை என்றும் சொல்லும். நெட்டைப் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

சாம்பல் பெட்டிக்கு "சிம் டூல்கிட்" ஆப்பைத் திறக்க வேண்டும். ஏர்டெல்லில் "ஏர்டெல் நவ்", பிஎஸ்என்எல்லில் "பஸ்" (ஆங்கிலத்தில் Buzz) என்ற பகுதிக்குள் போய் நிறுத்தலாம். அந்தப் பெட்டியில் தெரியாமல் "ஓகே" அழுத்தினால் கட்டணச் சேவை ஏறிவிடக்கூடும். ரீசார்ஜ் பணம் காரணமில்லாமல் குறைந்தால், 155223 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசியோ, "ஸ்டாப்" என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பியோ அந்தச் சேவையை நிறுத்தலாம்.

8. பணம் போயிருந்தால்

மேலே உள்ள எதையும் செய்துகொண்டிருக்காதீர்கள். நெட்டைத் துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க வேண்டும் என்பதால் இங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வங்கிக்கும் உடனே சொல்லி, கணக்கையும் கார்டையும் முடக்குங்கள். அன்றைக்கே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதியுங்கள்.

தேவைப்படுபவை: வங்கிக் கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண் (யுபிஐ என்றால் 12 இலக்கம்), விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய நம்பர், அடையாள அட்டை. புகார் எண்ணை எழுதி வையுங்கள். வங்கிக் கிளையில் கடிதம் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து உங்கள் திரையை இயக்க விடும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஆப்பை அந்த மோசடி ஆள் போடச் சொல்லியிருந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அதை நீக்குங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

9. திரும்ப வராமல் இருக்க

ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் அது வேலை செய்யும். குரோமில் பழைய யூபிளாக் ஆரிஜின் இப்போது ஓடாது. யூபிளாக் ஆரிஜின் லைட் என்பதைப் போட வேண்டும். இதே போலப் பெயர் வைத்த போலிகள் நிறைய. பெயரில் "ஆரிஜின்" இருக்கிறதா, உருவாக்கியவர் ரேமண்ட் ஹில்தானா என்று பாருங்கள்.

தமிழ் தட்டச்சுக்காக வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸின் மொழி அமைப்பிலேயே தமிழ் 99, ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இரண்டும் இருக்கின்றன. ஆவணத்தை பிடிஎஃப் ஆக்க கூகுள் டிரைவின் ஸ்கேன் வசதி போதும்.

ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு உள்ள போனில் இன்னொரு வழியும் உண்டு. நெட்வொர்க் செட்டிங்ஸில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்று தேடி, விளம்பரத் தடுப்புக் கருவிகள் செய்யும் ஆட்கார்ட் நிறுவனத்தின் இலவச டிஎன்எஸ் முகவரியை அவர்கள் தளத்தில் பார்த்து எழுதினால், பல ஆப்களுக்குள் வரும் விளம்பரங்களும் குறையும். இதைப் போட்ட பிறகு ரயில் நிலைய வைஃபையின் லாக்இன் பக்கம் வராமலோ, ஏதாவது ஆப் திறக்காமலோ இருந்தால், அதே இடத்தில் "ஆட்டோமேட்டிக்" என்று மாற்றிவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.